பிரயோக சமூகவியலும் மட்டக்களப்பும்: பட்டப்பின் ஆய்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வந்தாறுமூலையில் சமூகவியல் கற்றுப் பட்டம் பெறுவோருட் சிலர் அத்துறையிலேயே பட்டப்பின் படிப்பினை நாடுகின்றனர். பிரயோக சமூகவியல் என்னும் பெயர் அவர்களுக்கு இயல்பான கவர்ச்சியுடையது. சமூகம் பற்றிய அறிவினைச் சமூகப் பிரச்சினைகளின் தீர்வுக்குப் பயன்படுத்துதல் என்பதே அதற்கு வழமையாகத் தரப்படும் விளக்கமாகும். அமெரிக்க அறிஞரான லெஸ்டர் வார்ட் 1903இல் தூய சமூகவியல் பற்றியும் 1906இல் பிரயோக சமூகவியல் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். அக்காலந்தொட்டு இவ்வேறுபாடு நிலைபெற்று வருகின்றது. ஆயினும், பிரயோகம் என்றதும் எழ வேண்டிய வினாக்கள் சில உள. யார் பிரயோகிக்கின்றனர்? யார்மீது? எவரது நலன் கருதி? இவ்வினாக்களை மட்டக்களப்பின் வரலாற்றில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் உள்ளன. படுவான்கரையின் பரந்த வயல்நிலங்களை உடைமையாகக் கொண்ட போடியார், அவர்களின் கீழ் வேளாண்மையைக் கவனித்த முல்லைக்காரர், கூலிக்கு உழைத்தோர் என்ற படிநிலையே இங்கு நிலவிய உற்பத்தி உறவின் சாரமாகும். இதனோடு இணைந்திருந்தது தாய்வழிக் குடிமுறை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சேர, மணமகன் மனைவியின் வீடு சென்று வாழ்தல் வழமை. இவ்வமைப்பு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் காணப்படுவது மனங்கொள்ளத்தக்கது.

குடியேற்றவாத அரசு இவ்வமைப்பினை ஒரு சட்டச் சிக்கலாகவே எதிர்கொண்டது. முக்குவரின் வாரிசுரிமை விதிகள் பற்றிய பிறிற்றோவின் நூல் 1876இல் வெளிவந்தது. அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமைக்குப் பொதுவிதியொன்றினை ஏற்படுத்த, முக்குவர் சட்டம் நீதிமன்றங்களிலே வழக்கிழந்தது. ஆனால் மகளுக்கு வீடு கொடுக்கும் வழமை அதனுடன் மறைந்துவிடவில்லை. 1921இல் வெளிவந்த கனகரத்தினத்தின் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய நூலும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ணத்தக்கது. இவை தரும் தகவல்கள் இன்றும் பயனுடையன. எனினும் வரி, வழக்கு, காணியுறுதி ஆகியவற்றின் தேவைகளே இவற்றின் வினாக்களைப் பெரிதும் தீர்மானித்தன.

பல்கலைக்கழகத் துறையாகச் சமூகவியல் இலங்கையில் வேரூன்றியது 1949இல், அமெரிக்கரான பிறைஸ் றயன் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் சமூகவியற் பேராசிரியரானபோதாகும். அச்சூழலில் உருவான எஸ். ஜே. தம்பையா 1954இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி இங்கு கற்பித்தார். 1956இல் அவர் மாணவர் குழுவொன்றுடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தினை ஆராயச் சென்றார். கல்லோயா அன்று மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயாகும். குடியேறிய விவசாயிகளின் வாழ்நிலையை ஆராய்தல் பிரயோக சமூகவியலுக்கு மிகப் பொருத்தமான பணியே. ஆயின், தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அந்த யூன் மாதத்தில் கல்லோயாவிலே தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்தது. ஆய்வுக்குழு அதன் நடுவே அகப்பட்டது. 1960இல் தம்பையா நாட்டைவிட்டு நீங்கித் தாய்லாந்தினைத் தமது ஆய்வுக்களமாகக் கொண்டார்.

இந்நிகழ்ச்சியினை ஒரு தனிமனிதரின் துயர அனுபவமாக மட்டும் கொள்ளுதல் போதாது. நிலம், நீர், குடியேற்றம் ஆகியன யாருடைய கையில் என்ற அரசியல் வினா அத்திட்டத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. திட்டத்தின் பயன்களை அளவிடும் ஆய்வு அவ்வினாவை வெளியே நிறுத்திவிட முயலலாம். வரலாறு அதனை மீண்டும் உள்ளே கொணர்ந்து விடுகின்றது.

1969இன் பின்னர் அக்கரைப்பற்றில் நீண்டகாலக் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றே போன்ற மானிடவியலாளர் குடியமைப்பினையும் தமிழர்–முஸ்லிம் உறவினையும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். அவ்வாய்வுகளின் தரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயின் அவை ஆங்கிலத்தில் எழுந்தவை. மேனாட்டுப் பல்கலைக்கழகங்களின் கோட்பாட்டு விவாதங்களை நோக்கியவை. மறுபுறத்தில், எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964), கூத்து மரபு குறித்த சி. மௌனகுருவின் ஆய்வுகள் ஆகியன தமிழில் எழுந்தன. குடி, கோயில், கூத்து பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்த இம்மரபு பெரும்பாலும் இலக்கியம், நாட்டாரியல் என்ற பெயர்களிலேயே அறியப்பட்டது. இவ்விரு நீரோட்டங்களும் போதியளவு சந்திக்கவில்லை. பட்டதாரி மாணவர் எதிர்கொள்ளும் முதற் பெருந்தடை இதுவே. அவர் தமிழிற் கற்கின்றார். அவரது ஊரைப் பற்றிய கோட்பாட்டு நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன.

1981 ஓகஸ்ட் 1இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. போடியார் குடும்பங்களும் நகர உத்தியோகத்தரும் மட்டுமன்றி, வாவியில் மீன்பிடிப்போர், வயற்கூலிகள் ஆகியோரின் பிள்ளைகளும் தம் வாசலிலேயே உயர்கல்வி பெறும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. ஆராயப்பட்டோர் ஆராய்வோராக மாறுவதற்கான பௌதிக அடிப்படை இதுவாகும்.

அவ்வடிப்படை விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1990இல் இவ்வளாகம் பல்லாயிரம் அகதிகளின் புகலிடமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி அம்முகாமிலிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் மீளவில்லை. அதற்கு முந்திய மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் படுகொலை செய்யப்பட்டிருந்தனர். முகாமுக்குப் பொறுப்பாயிருந்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் பின்னர் சனாதிபதி ஆணைக்குழு முன் சாட்சியமளித்தனர். எவர் இருந்தனர், எவர் கொண்டு செல்லப்பட்டனர் என்று துல்லியமாகக் கூறுதல் அந்நிலையில் ஓர் அறிவுப்பணியாகவும் அறப்பணியாகவும் அமைந்தது.

2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் அளவீடுகள் பெருகின. அவற்றின் குறைபாட்டினை வீட்டுரிமைப் பிரச்சினை தெளிவாகக் காட்டுகின்றது. அழிந்த வீடுகளிற் பல பெண்ணுக்குச் சீதனமாக வந்தவை. ஆனால் உதவித் திட்டங்களின் படிவங்களிலோ 'குடும்பத் தலைவர்' என்றொரு கூடு இருந்தது. அதில் ஆணின் பெயர் எழுதப்பட, புதிய வீட்டின் உரிமையும் பல இடங்களில் ஆணுக்கே சென்றது. 1876இன் சட்டத்தாலும் அகற்றவியலாத ஒரு வழமையை ஒரு படிவம் ஊறுபடுத்தியது. இது தனி அலுவலரின் அசட்டையால் மட்டும் நேர்ந்ததன்று. வகையீடு வேறோரிடத்தில் ஆக்கப்பட்டு வந்தது. களத்தில் நின்றவருக்கு அதனை நிரப்பும் பணி மட்டுமே விடப்பட்டது. தாய்வழி மரபினைப் பொற்காலமாகப் போற்றுதல் நமது கருத்தன்று. சீதனச் சுமையும் நிலமற்ற குடும்பத்துப் பெண்ணின் நிலையும் அம்மரபினுள்ளேயே ஆராயப்பட வேண்டியவை. ஆயினும் உள்ள உரிமையொன்று காணாமலே பறிபோவதற்கு அது நியாயமாகாது.

ஆகவே பட்டப்பின் படிப்பினை நாடும் மாணவர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, பிறர் ஆக்கிய வினாக்கொத்துகளை நிரப்பும் திறமையினைப் பட்டமாகப் பெறுவது. தொழிலின்மை நிலவும் சூழலில் அதனை நாடுவோரைக் குறைகூறல் தகாது. மற்றையது, வினாக்களையும் வகையீடுகளையும் ஆக்கும் தகைமையினைப் பெறுவது. 1880இல் கார்ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளருக்கென ஏறத்தாழ நூறு வினாக்கள் கொண்ட கொத்தொன்றினைத் தயாரித்தார். தொழிலாளர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து கூறவேண்டும் என்பது அதன் உட்கிடை. வந்த விடைகள் மிகச் சிலவே எனினும் முறையியல் அடிப்படையில் அம்முயற்சி இன்றும் பொருளுடையது.

இவ்வழி எளிதன்று. ஆங்கிலத்தை ஆய்வுமொழியாகக் கைக்கொள்ளல், நீண்ட களஆய்வு, புள்ளிவிபரப் பயிற்சி, தமிழர் தமிழூரையும் முஸ்லிம்கள் முஸ்லிம் ஊரையும் மட்டுமே ஆராயும் குறுகிய எல்லையைக் கடத்தல் ஆகியன இதற்கு இன்றியமையாதவை. போருக்குப் பிந்திய நுண்கடன் சுமை, பெண்களின் கூலியுழைப்பு, வாவி மீனவரின் நிலை, காணியுரிமை என ஆய்வுப்பொருள்கள் காத்துக் கிடக்கின்றன. பேராதனையிலோ கொழும்பிலோ கடல் கடந்தோ பட்டம் பெறலாம். ஆனால் ஆய்வின் முடிவு தமிழில் எழுதப்பட்டு, தகவல் தந்த மக்களிடம் மீண்டு, அவர்களால் மறுக்கவும் திருத்தவும் கூடியதாக அமைதல் வேண்டும். அவ்வாறு அமையும்போதே பிரயோகம் என்ற சொல் மக்கள் சார்பான பொருளைப் பெறும்.