பாலர் கல்வியும் பண்டைப் பேருயிர்களும்

எழுத்தறியாப் பாலன் ஒருவன் மணலைக் கிளறி, அதனுட் புதைந்து கிடக்கும் சாந்தினாலாகிய என்பொன்றை எடுத்து, தூரிகையால் துடைத்துப் பார்க்கும் காட்சி இக்காலப் பாலர் பாடசாலைகள் பலவற்றிற் காணப்படுவது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தொழிந்த டைனோசோர்களை ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு அறிமுகஞ் செய்தற்கு இஃது ஏற்ற வழியாகும். ஆயினும், இதனை வெறும் பொழுதுபோக்கெனக் கருதுவாரும் உளர். இவ்விளையாட்டின் வரலாற்றை நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை இனிது புலனாகும்.

விளையாட்டே கல்வியெனத் துணிந்து கூறிய பெரியார் யேர்மனி நாட்டினரான பிரெடரிக் புரோபெல் (1782 - 1852) ஆவர். அவர் பேர்லின் நகரிலே கனிப்பொருள் நூதனசாலையொன்றிற் பணியாற்றியவர். பளிங்குகளின் வடிவ ஒழுங்கைக் கண்டு வியந்தவர். பின்னர் 1837 ஆம் ஆண்டிலே பிளாங்கன்பேர்க்கில் சிறுவர்க்கென ஒரு நிலையம் அமைத்தார். அதற்கு 1840 இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் பூங்கா, எனப் பெயரிட்டார். கம்பளிப் பந்து, மரக்கோளம், எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரம் என்பன அவர் குழந்தைகளுக்கு அளித்த ‘கொடைகள்’. களிமண்ணால் உருச்செய்தலும் கடதாசி மடித்தலும் அவர் வகுத்த தொழில்கள். கை செய்வதை மனம் அறியும் என்பதே இவற்றின் உட்கிடை.

அக்காலத்தில் டைனோசோர்களைப் பற்றிய அறிவும் இளம்பருவத்தினதாகவே இருந்தது. ‘டைனோசோரியா’ என்னும் பெயரை றிச்சேட் ஓவன் என்பார் 1842 இலேயே வழங்கினார். அறிஞர் கையிலிருந்தனவோ சில பற்களும் உடைந்த என்புகளுமே. அவற்றைக் கொண்டு பொதுமக்கள் காணுமாறு முழு உருவங்களைச் சமைக்கும் பணியைச் சிற்பியாகிய பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் மேற்கொண்டார். இலண்டனையடுத்த சிடனத்திலே, பளிங்கு மாளிகையைச் சார்ந்த பூங்காவில், ஓவனின் ஆலோசனையைத் துணைக்கொண்டு அவர் அவற்றை நிறுவினார். முதலிற் சிறிய மாதிரி, பின் அதனளவிற்கேற்பப் பெருங் களிமண்ணுரு, அதன்மேல் அச்சு, ஈற்றிலே சீமெந்து வார்ப்பு என்பது அவர் கைக்கொண்ட முறை. இகுவானோடன் என்னும் விலங்கினுருவம் ஒன்றுக்கு மாத்திரம் 4 இரும்புத் தூண்களும் 600 செங்கற்களும் 38 பீப்பாய்ச் சீமெந்தும் 90 பீப்பாய் உடைகல்லும் வேண்டப்பட்டன. 1853 திசெம்பர் 31 ஆம் நாளிரவு அவ்விலங்கின் அச்சினுள்ளே அறிஞர்களுக்கு விருந்தளிக்கப்பட்டது.

1854 மே மாதத்திலே ஹோக்கின்ஸ் கலைக் கழகத்தின் முன் ஆற்றிய உரையின் பொருள், புவிச்சரிதவியலைக் கண்வழியாகக் கற்பித்தல் என்பதாம். பெயரைக் கேட்டு உருவத்தை ஊகிப்பதினும், உருவத்தைக் கண்டு பெயரை அறிவதே சிறப்பென்பது அவர் கொள்கை. அவருடைய பேருருவங்களின் சிறு மாதிரிகளும் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டிலே இலண்டன் சென் மாட்டின் மண்டபத்தில் அக்கழகம் நடத்திய கல்விப் பொருட்காட்சியிலே புரோபெலின் முறையும் காட்டப்பட்டது. கட்டையும் களிமண்ணும் பண்டைப் பேருயிரும் இங்ஙனம் ஒரே நகரில், ஒரே ஆண்டில், மக்கள் கண்முன் வந்தன.

இவ்விரு முயற்சிகளும் இடையூறின்றி வளர்ந்தனவல்ல. புரோபெலின் பாலர் பூங்காக்களைப் பிரசிய அரசு 1851 இலே தடைசெய்தது. 1860 இலேயே அத்தடை நீங்கிற்று. அதனைக் காண அவர் உயிரோடிருந்திலர். ஹோக்கின்ஸ் நியூயோர்க் நகரின் நூதனசாலைக்கெனச் செய்த உருவங்களோ 1871 இலே உடைத்து நொறுக்கப்பட்டன. சிடனத்துப் பளிங்கு மாளிகையும் 1936 இலே தீக்கிரையாயிற்று. அதன் பூங்காவிலுள்ள விலங்குகள் மாத்திரம் இன்றும் நிற்கின்றன.

அவ்வாறு நிற்கும் உருவங்கள் பிழையுடையன என்பதும் மறைத்தற்குரியதன்று. இகுவானோடனின் மூக்கின்மேல் ஒரு கொம்பு வைக்கப்பட்டுளது. பெல்சிய நாட்டுப் பேர்ணிசாட் நிலக்கரிச் சுரங்கத்திலே, 322 மீற்றர் ஆழத்தில், 1878 இலே முழு என்புக்கூடுகள் பல வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த லூயி டொலோ, கொம்பெனப்பட்டது உண்மையில் கைப்பெருவிரலின் முள்ளே என நிறுவினார். அங்ஙனமாயின் ஹோக்கின்ஸின் உழைப்பு வீணாயிற்றோ எனின், அன்று. உருவம் ஒன்று முன்னே நின்றமையாலேயே அதிற் பிழை எதுவென எவரும் சுட்டிக்காட்ட முடிந்தது.

பாலர் ஆசிரியர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நீண்ட பெயர்களைக் குழந்தையின் நாவில் ஏற்றுவதனால் அறிவு வளராது. களிமண்ணைக் கொடுத்து உருச்செய்யவிடுக; மூக்கிலே கொம்பை வைத்தபின், அதனைக் கைவிரலுக்கு மாற்றச் செய்க. பெரியோரும் பிழைத்துத் திருந்தினர் என்பதை அக்குழந்தை தன் விரல்களாலேயே அறியும். பறவைகள் டைனோசோர் வழியில் வந்தனவென இன்று அறிஞர் கொள்வர். ஆதலின், ஈரமண்ணிற் பதிந்த கோழியின் மூவிரலடியும் நல்லதொரு பாடமாகும். திருத்திக்கொள்ளும் துணிவை இளமையிற் பெற்ற பிள்ளை பின்னாளில் எந்நூலையும் அஞ்சாது ஆராயும். விளையாட்டினால் விளையத்தக்க பெரும்பயன் இதுவேயாம்.