விலக்கப்பட்ட கனியும் வீட்டுத் தோட்டமும்

விலக்கப்பட்ட கனியைப் பற்றிப் பேசும் தொடக்கநூல், அக்கனியின் பெயரைக் கூறுவதில்லை. இலத்தீனில் ‘மாலும்’ என்னும் சொல் தீமையையும் ஆப்பிளையும் ஒருங்கே குறித்தமையால், மேலைநாட்டு ஓவியர் பலர் ஏவாளின் கையில் ஆப்பிளைக் கொடுத்துவிட்டனர். ஆயினும், ‘விலக்கப்பட்ட கனி’ என்பதையே தன் பெயராகத் தாங்கிய மரம் ஒன்று வரலாற்றில் உண்டு. இன்று நாம் கிரேப்ஃபுரூட் என வழங்குவது அதுவே.

கரிபியப் பகுதியிலுள்ள பார்படோஸ் தீவில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பங்குக்குருவாக இருந்த கிரிஃபித் ஹியூஸ், 1750இல் வெளியிட்ட தமது இயற்கை வரலாற்று நூலில் இம்மரத்தை அப்பெயராலேயே விவரித்தார். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சென்ற பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் அங்கே தற்செயலாகக் கலந்து பிறந்த மரம் இது. (நம் பம்பளிமாசு என்னும் சொல்லுக்கும் டச்சுக்காரரின் ‘பொம்பல்மூஸ்’ என்பதற்கும் உறவு உண்டு.) கனிகள் திராட்சைக் குலைபோல் கொத்தாகத் தொங்குவதால் பின்னர் ஆங்கிலேயர் அதைத் திராட்சையின் பெயரால் அழைத்தனர். 1830இல், ஜமைக்காவில் வாழ்ந்த மருத்துவர் ஜேம்ஸ் மக்ஃபேடியன் அதற்குச் ‘சிட்ரஸ் பாரடைசி’ எனத் தாவரவியல் பெயரிட்டார். விலக்கப்பட்ட கனி இவ்வாறு ஏதேனின் பெயரையும் பெற்றது.

அதன் வெண்மலர்கள் விரியும் காலத்தில் முற்றம் முழுவதும் மணப்பதை அறிந்தோர், இப்பெயர் மிகையென்று கூறார். ஆனால் அச்சொல்லை நாம் சற்றே ஆராய வேண்டும். ‘பாரடைஸ்’ என்பதன் மூலம் பழம் பாரசீகச் சொல். மதில் சூழ்ந்த தோட்டம் என்பது அதன் பொருள். ஏதேன் தோட்டத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் அதிலிருந்து வந்த சொல்லையே ஆண்டனர். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஆண்டவர் அளித்த வாக்கிலும் லூக்கா எழுதியது அச்சொல்லே.

மக்ஃபேடியன் பெயரிட்ட 1830இல் ஜமைக்காவின் மதில்களுக்குள் இருந்தவர் யார்? கரும்புத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆப்பிரிக்க வழியினர் அடிமைகளாக உழைத்தனர். அவர்கள் தங்கள் குடிசைகளைச் சுற்றிச் சிறு தோட்டங்களை வளர்த்தனர். அங்கே வாழையும் தென்னையும் ஆரஞ்சும் பம்பளிமாசும் நின்றன. விளைந்ததை ஞாயிறுச் சந்தையில் விற்றனர். ஓய்வு நாள் ஒன்றுதான் அவர்களுடையதாக இருந்தது. இறந்தோரையும் பலர் அத்தோட்டத்திலேயே அடக்கம் செய்தனர். சட்டம் அம்மண்ணை அவர்களுடையதென ஏற்கவில்லை. அவர்களோ அதைத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றனர்.

கிரேப்ஃபுரூட் விதைக்கு ஓர் இயல்பு உண்டு. அதிலிருந்து பெரும்பாலும் தாய்மரத்தை ஒத்த கன்றே முளைக்கும். ஒட்டுக்கட்டும் கலை அறியாத எளியவரும் ஒரு விதையை ஊன்றி அதே மரத்தைப் பெற முடிந்தது.

திருச்சபையின் கையும் இவ்வரலாற்றில் தூய்மையாக இல்லை. பார்படோஸில் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களை 1710இல் உயில் வழி பெற்ற ஆங்கிலிக்க மறைபரப்புச் சங்கம், அடிமைகளின் மார்பில் தன் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்தது. 2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் அடிமைமுறையில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. இது பிற சபையாரின் குற்றம் என்று நாம் ஒதுங்க இயலாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் இயேசு சபையினர் 1838இல் 272 அடிமைகளை விற்றனர். மறு ஆண்டு திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்தார். 1992இல், அடிமைகள் கப்பலேற்றப்பட்ட கோரே தீவில் நின்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மன்னிப்பு வேண்டினார்.

எலுமிச்சையும் நாரத்தையும் வளர்ப்போர் ஒன்றை அறிவர்: வெப்ப நாடுகளில் இவ்வினத்து மரங்கள் வறட்சியில் வாடி, பின் நீர் கண்டதும் பூத்துக் குலுங்கும். கிரேப்ஃபுரூட்டும் அவ்வாறே. இதைக் கொண்டு, துன்பமே மனிதரை மலரச் செய்கிறது என மறையுரை ஆற்றுவது எளிது. நாமே அவ்வாறு பேசியதுண்டு. ஆனால் பிறர்மேல் வறட்சியைச் சுமத்தியவர், அவர்களிடம் மலர்ந்த மலருக்கு உரிமை கொண்டாட இயலாது. அக்குடிசைத் தோட்டங்களின் மணம் அடிமைமுறையின் நற்பயன் அன்று. அதையும் மீறி நின்ற மனித மாண்பின் சான்று.

1834இல் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1838இல் முழு விடுதலை கிட்டியது. விடுதலை பெற்றோரில் பலர் முதலில் தேடியது ஒரு துண்டு நிலம். ஒரு குடிசையும் சில மரங்களும் நிற்கப் போதுமான இடம்.

நம் வீட்டு முற்றத்திலும் வெயில் படுகின்ற, நீர் தேங்காத ஓரிடத்தில் நாரத்தையோ பம்பளிமாசோ ஒரு கன்று நடுவோம். அது பூக்கும் நாளில் மணம் மதிலுக்குள் நின்றுவிடாது. அம்மதிலைத் தம் கையால் எழுப்பி, அதற்கு வெளியே வாழ்கின்றவர் யார் என்பதையும் அன்று எண்ணிப் பார்ப்போமாக.