மடியும் பிணியும்

திருக்குறளின் பொருட்பாலில் மடியின்மை 61ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். சோம்பல் வேறு, நோய் வேறு என்னும் தெளிவு அவ்வைப்பில் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் எளியோர் பட்ட துயர் பெரிது. அவ்வரலாற்றில் நெல்லைச் சீமைக்கும் இடமுண்டு.

"மேலுக்கு முடியவில்லை" என்பது பொருநைக் கரை வழக்கு. மேல் என்பது ஈண்டு உடம்பு. இயலாமையையே நோயின் பெயராக்கிய சொல் இது. இச்சொல்லோடுதான் 19ஆம் நூற்றாண்டில் நெல்லை மக்கள் பலர் தூத்துக்குடித் துறை வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். முதலில் காப்பி, பின்னர் தேயிலை. அங்கே 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், வேலை செய்ய மறுப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. 'முடியவில்லை' என்றவனும் 'முடியாது' என்றவனாகவே கொள்ளப்படும் நிலை அது. தமிழ்க் கூலி சோம்பேறி என்பது துரைமாரிடையே வழங்கிய பழிச்சொல்.

அச்சோம்பலில் ஒரு பகுதிக்குக் காரணம் கொக்கிப்புழு. ஈரமண்ணில் வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, சிறுகுடலைப் பற்றி, நாள்தோறும் குருதியை உறிஞ்சும் புழு அது. குருதி குன்ற, மூச்சு வாங்கும்; கால் தளரும். அமெரிக்கத் தென்மாநில ஏழைகளிடம் அது பரவியிருப்பதை 1902இல் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் அறிவித்தபோது, செய்தித்தாள்கள் அதனைச் 'சோம்பற் கிருமி' என எள்ளின. 1916இல் ராக்பெல்லர் அமைப்பினர் இலங்கைத் தோட்டங்களில் அப்புழுவுக்கு மருந்தளிக்கத் தொடங்கினர். உழைப்பு குறைவதால் நேரும் இழப்பும் அப்பணிக்கு ஒரு தூண்டுகோல் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

புழுவுக்கு நுண்ணோக்கி சான்று கூறிற்று. சான்று கூறக் கருவியில்லாத சோர்வு என்னாயிற்று? 1955இல் இலண்டன் ராயல் பிரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பணியாளர் நோயுற்றனர், மருத்துவமனையே மூடப்பட்டது. பலருக்குச் சோர்வும் தசைவலியும் நெடுநாள் நீடித்தன. 1970இல் மனநல மருத்துவர் இருவர், நோயாளரை நேரிற் காணாமல் பழைய குறிப்புகளைக் கொண்டே, அது கூட்டு மனக்கோளாறு என எழுதினர். நோயுற்றோருள் பெண்டிர் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. நாட்பட்ட சோர்வு நோய் எனப் பின்னர் வழங்கிய பிணியின்மீது அவ்வையம் அரை நூற்றாண்டு படிந்து கிடந்தது. அது மெய்யான உடல்நோய் என அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை 2015இல் உரைத்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைப் பிரித்தானிய வழிகாட்டு நெறி 2021இல் கைவிட்டது. ஆயினும் இந்நோயை உறுதிசெய்யும் சோதனை இன்றும் இல்லை. நோயாளியின் சொல்லே முதற்சான்று.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட பாவலர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. வயலிலும் ஆலையிலும் அடுக்களையிலும் ஒருவர் 'முடியவில்லை' என்னுங்கால், அதனை 'முடியாது' எனத் திரித்துக் கேளாதிருத்தல் அது.