விளக்குத்தூணிலிருந்து வண்ண ஸ்லைடுவரை: மதுரைப் பொதுவெளியின் நினைவுப் படங்கள்

நம் ஊர்களில் நகரச் சதுக்கத்தின் வேலையைச் செய்பவை தேரடி, ரத வீதி, தெப்பக்குளக் கரை ஆகியவை. ஆனால் இந்த வெளிகள் நினைவுப் படங்களில் பதியத் தொடங்கிய கதையைத் தேடினால் மதுரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் அப்போது பிறந்தவை. அவர் நினைவாக எழுந்ததுதான் நாயக்கர் மகாலுக்கு அருகே இன்றும் நிற்கும் விளக்குத்தூண். 1858இல் சென்னை அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் கோயிலையும் தெப்பக்குளத்தையும் மகாலையும் படமெடுத்தபோது இந்தத் தூணையும் விட்டுவிடவில்லை. அரசு ஆவணத்துக்காகவே படமெடுத்த அவர், இரட்டைப் படமாகப் பார்க்கும் ஸ்டீரியோ காட்சிகளையும் எடுத்திருக்கிறார். பிற்காலச் சுற்றுலா வியாபாரத்தின் முன்னோடி என்று அவற்றையே நான் கருதுகிறேன். செலவு கட்டுபடியாகாது என்று கவர்னர் டிரெவெல்யன் டிரைப்பின் படமெடுக்கும் பணியை நிறுத்திவிட்டார்.

டிரைப் கையாண்டது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். அதற்கு நெடுநேரம் ஒளி காட்ட வேண்டும். நின்ற கல் பதியும். நடந்த ஆள் பதிய மாட்டான். அந்தக் காலப் படங்களில் வீதி வெறிச்சோடித் தெரிந்தால் ஊரே காலியாக இருந்ததென்று பொருளில்லை. இதை மறந்து எழுதப்பட்ட வரலாறுகள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

1871இல் மேடக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தட்டு முறை, பின்னர் செம்மைப்பட்டு, இந்தக் குறையைத் தீர்த்தது. வண்டிமாடும் தலைச்சுமைக்காரியும் படத்துக்குள் வந்தார்கள். சென்னை வீலே அண்ட் கிளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றோர் விற்ற அஞ்சலட்டைகளில் தெரு ஆட்களோடு தெரிகிறது.

வண்ணம் வந்தபோது ஃபிலிமின் ஒளியுணர் வேகம் மீண்டும் குறைந்தது. 35 மி.மீ. கோடாகுரோம் 1936இல் வந்தது. அதன் வேகம் ஏறத்தாழ 10தான். 1961இல்தான் அது 25 ஆயிற்று. அதனால் வண்ண ஸ்லைடுகளின் மதுரை பெரும்பாலும் உச்சிவெயில் மதுரை. 1939இல் அறிமுகமான, ஸ்டீரியோ காட்சிக் கருவியான வியூமாஸ்டரின் வட்டில் ஏழு காட்சிகள்தான் இருக்கும். ஊரையே ஏழில் அடக்க வேண்டுமானால் கோபுரம் தப்பாது. பூக்கடை தப்பாதென்று சொல்ல முடியாது.

சுற்றுலாத் தலங்களில் விற்ற மலிவான ஸ்லைடுகள் பல, சினிமா பிரதிக்கான ஃபிலிமில் அச்சானவை. நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடுவதால் வானமும் குளமும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. கோடாகுரோமை இருட்டில் வைத்திருந்தால் நிறம் நெடுங்காலம் நிற்கும்.

காலம் கணிக்க ஸ்லைடின் அட்டைச் சட்டம் உதவும். பல கோடக் சட்டங்களில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது கழுவிய தேதி. எடுத்த நாளுக்குப் படத்துக்குள்ளேதான் தேட வேண்டும். மாசி வீதியில் அலங்கரித்த தேர் தெரிந்தால் அது பெரும்பாலும் சித்திரைத் திருவிழா. கடைப் பலகை, விளக்குக் கம்பம், பேருந்தின் முகப்பு ஆகியவற்றையும் குறித்துக்கொண்டால் ஆண்டை இன்னும் நெருங்கலாம்.