சுழியும் மூட்டும்: குதிரை பார்த்து வாங்கிய வரலாறு

வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் கொல்லிமலையும் எல்லையிட, வசிட்ட நதியை ஒட்டிக் கிழக்கு நோக்கிச் செல்லும் ஆத்தூர்ச் சமவெளி, சேலம் நாட்டிலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்கும் சோழமண்டலக் கடற்கரைக்கும் இறங்கும் இயற்கையான வழியாகும். கெட்டி முதலிகள் எழுப்பியதாகக் கூறப்படும் ஆத்தூர்க் கோட்டை 1768இல் ஆங்கிலேயக் கர்னல் வுட்டின் படையிடம் வீழ்ந்து, விரைவில் மைசூரின் ஐதர் அலியிடம் திரும்பி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் வசமானது. கோட்டைகள் இப்படிக் கை மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஐதரின் வலிமை குதிரைப்படையிலேயே பெரிதும் தங்கியிருந்தமையால், ஒரு குதிரையின் கால் எத்தனை நாள் நடை தாங்கும் என்பது வாங்குபவர் கட்டாயம் கேட்டாக வேண்டிய கேள்வியாக இருந்தது. ஆயினும் தமிழகத்துக் குதிரை வணிகத்தின் நீண்ட வரலாற்றில் அந்தக் கேள்வி எல்லாக் காலத்திலும் ஒரே அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. குதிரை கெட்டால் இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதைப் பொறுத்தே அது கூர்மையடைந்தும் மழுங்கியும் வந்திருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை பராமரிப்பின்றி மடிந்ததையும் எழுதுகிறார். உயர்ந்த குதிரைக்கும் உயர்ந்த பெட்டைக்கும் பிறந்த குட்டிகள்கூட இங்கே கால் கோணலாகிச் சவாரிக்கு உதவாமற்போயின என்றும், குதிரை மருத்துவர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் கூறுவது கவனத்திற்குரியது. வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் பதிவு செய்துள்ளார். விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மன், உயிரோடு வந்தாலும் கடலில் இறந்தாலும் மூன்று குதிரைக்கு ஆயிரம் வராகன் கொடுத்ததாகவும், இறந்ததற்குச் சான்றாக வாலை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றிருந்ததாகவும் போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதுகிறார். வாலுக்கே விலை கிடைத்தபோது மூட்டின் குறையை மறைக்கவேண்டிய தேவையும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய நெருக்கடியும் ஒருசேரக் குறைந்துபோயின.

இதற்கு நேர்மாறான நிலையைத் திருவிளையாடற் புராணம் காட்டுகிறது. குதிரை வணிகராக வந்த இறைவன் அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை இலக்கணம் எடுத்துரைத்து, கயிறு மாறிக் கொடுத்தபின்னரே குதிரைகளை ஒப்படைக்கிறார். கயிறு கை மாறிய பின் நேர்வது எதற்கும் விற்றவர் பொறுப்பல்லர் என்பது அந்தச் சடங்கின் பொருள். அன்றிரவே பரிகள் நரிகளானது புராணக் கற்பனையே எனினும், பகலில் நேர்த்தியாக நடந்த குதிரை மறுநாள் காலையில் நொண்டுவதைக் கண்ட எத்தனையோ பேரின் மனக்கசப்பு அந்தக் கதைக்குள் ஒலிக்கிறது எனலாம்.

இத்தகைய குதிரை இலக்கணத்தைக் கூறி, வடமொழியில் சாலிகோத்திரர், நகுலன் முதலியோர் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரங்கள் நிறம், குரல், நடை ஆகியவற்றோடு சுழிகளுக்கும் மிகுந்த இடம் தருகின்றன. சுழி என்பது தோலில் மயிர் வளரும் திசை மாறிச் சக்கரம்போல் அமையும் இடமாகும். சந்தையில் பல்லைப் பிடித்து வயதைக் கணித்தவுடன் சுழி சுத்தமா என்று பார்ப்பது மாட்டுக்கும் குதிரைக்கும் பொதுவான வழக்கம். இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பிறவியிலிருந்து மாறாததும் விற்பவரால் மறைக்க இயலாததுமாக உள்ள அடையாளம் அது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூட்டு அப்படிப்பட்டதன்று, அது உழைப்பால் தேய்கிறது, ஓய்வால் தேறியதுபோல் தோன்றுகிறது, வாங்குபவரை ஏமாற்றவும் செய்கிறது.

இழப்பைத் தானே சுமந்தாக வேண்டிய நிலைக்குக் கிழக்கிந்தியக் கும்பினி அரசு வந்தபோது பார்வை காலின்மீது திரும்பியது. பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரில், மத்திகிரியில், 1824இல் படைக்குக் குதிரை வளர்த்துப் பழக்கும் பண்ணை நிறுவப்பட்டது. அதுவே பிற்காலத்தில் கால்நடைப் பண்ணையாயிற்று. 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து சென்னைக்குக் கப்பலில் வந்த குதிரைகள், அப்பகுதிப் பெயரின் கடைசிச் சொல்லைக் கொண்டு ‘வேலர்’ எனப்பட்டன. 1903இல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மூட்டைப் பற்றிய அறிவை முறையான பாடமாக்கியது.

அந்த அறிவின் சாரம் உடலமைப்பிலிருந்து தொடங்குகிறது. குதிரையின் முன்காலில் முழங்கால் என்று வழங்கப்படுவது உண்மையில் மனிதனின் மணிக்கட்டுக்கு ஒப்பானது; பின்காலில் பின்னோக்கி மடங்கும் பெரிய மூட்டு மனிதனின் கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் ஈடானது. உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் தாங்குவதால் நொண்டல் அங்கேதான் மிகுதி; அதிலும் பெரும்பகுதி குளம்பிலிருந்தே எழுவதால் லாடத்தையும் குளம்பையும் பாராமல் மூட்டை மட்டும் தடவுவதில் பயனில்லை. பின்கால் மூட்டின் முன்புறம் மெத்தென்று நீர் கோத்த வீக்கம் கண்ணுக்கு அச்சமூட்டினாலும் பல குதிரைகளில் நடையைக் கெடுப்பதில்லை. அதே மூட்டின் உட்புறக் கீழ்ப்பகுதியில் சிறு எலும்புகள் உரசித் தடித்து இறுகும் நோயோ, தொடக்கத்தில் வெளியே ஏதும் தெரியாமலேயே குதிரையை முடக்கத் தொடங்கிவிடுகிறது. கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் குதிரையை ஓட்டியும் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

இரவு முழுவதும் கட்டிக் கிடந்த குதிரையை லாயத்திலிருந்து இறக்கும் முதல் பத்து அடிகளே மிகுந்த உண்மையைச் சொல்கின்றன. முன்னதாகவே நடத்திச் சூடேற்றிக் காட்டப்படும் குதிரையில் மூட்டின் இறுக்கம் தளர்ந்து மறைந்துவிடும். பின்னர்க் கெட்டித் தரையில், கயிற்றைத் தளரப் பிடித்து, குறுக்கெதிரான கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும் மெல்லோட்டத்தில் விட்டால், முன்கால் நோகும் குதிரை அந்தக் கால் தரையைத் தொடும்போது தலையைத் தூக்கி, நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். ஐயமுள்ள மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் நோவு பல வேளைகளில் வெளிப்படும். எனினும் இரு கால்களும் சமமாக நொந்தால் நொண்டலே தெரியாது, அடி மட்டும் குறுகும். வலி மறைக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்பதால் இரத்தம் எடுத்துச் சோதிப்பதும் இன்று வழக்கத்தில் உள்ளது.

குதிரை வணிகம் இன்றும் தொடர்கிறது: ஆடியில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வருகின்றன. திப்பு சுல்தான் காலம் முதலே அச்சந்தை நடப்பதாகச் செவிவழிச் செய்தி உண்டு. மருத்துவ அறிவும் இப்பகுதிக்கு வந்து சேர்ந்துள்ளது: நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆத்தூரை அடுத்த தலைவாசலிலும் 2021இல் பெரும் கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. குதிரையைச் சோதித்து மருத்துவர் எழுதும் சான்றிதழில், மூட்டுகளைப் பற்றிய குறிப்புக்கு முன்பாக, நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகள் எங்கெங்கே அமைந்துள்ளன என்பது குறிக்கப்படுகிறது; சோதிக்கப்பட்ட குதிரையும் விற்கப்படும் குதிரையும் ஒன்றுதான் என்று உறுதிசெய்ய அது உதவுகிறது.