எரியாத ஒரு புள்ளியின் வரலாறு



புது டீவி வாங்கிக்கொண்டு வந்த அன்றே திரையின் ஓரத்தில் ஊசிமுனையளவு கறுப்புப் புள்ளி தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். "ஒரு புள்ளிதானே, இதைப் பிழையென்று எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தால் கோபம் வரும். ஆனால் அந்தப் பதிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

2001 இல் ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேச நியமம் தட்டைத் திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதலாம் வகுப்பில் ஒரு பழுதும் இருக்கக் கூடாது என்றிருந்தது. இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு மில்லியன் புள்ளிக்கும் எப்போதும் எரிபவை 2, எப்போதும் அணைந்திருப்பவை 2, நிறக்கூறு மட்டும் பழுதானவை 5 வரை இருக்கலாம் என்றிருந்தது. பல உற்பத்தியாளர்கள் விற்றது இந்த இரண்டாம் வகுப்பைத்தான். எல்சிடி திரையில் ஒற்றைக் கண்ணாடியில் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தே உருவாகின்றன. பழுதான ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த வழியில்லை. அதனால்தான் இந்தச் சலுகை.

மைக்ரோ எல்ஈடியின் கதை வேறு. 1962 இல் நிக் ஹொலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளிகாலும் இருவாயியைச் செய்தார். பிரகாசமான நீல ஒளிக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக அகசாகி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல விளக்குகள் பெரும்பாலும் வளர்க்கப்படுவது செயற்கை நீலக்கல் தட்டில். நமது மாணிக்க வியாபாரிகள் கையில் புரட்டும் நீலக்கல்லும் அதே பொருள்தான், அலுமினியம் ஒட்சைட்டு. 2000 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜியாங், லின் ஆகிய இருவரும் இவ்விளக்குகளை நுண்ணிய அளவுக்குச் சுருக்கிக் காட்டினர். 2012 இல் சோனி நிறுவனம் சுமார் 6 மில்லியன் விளக்குகள் கொண்ட 55 அங்குல மாதிரித் திரையை மக்கள் முன் வைத்தது.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு விளக்கையும் வளர்த்த தட்டிலிருந்து பிரித்து, திரையில் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். 4கே திரையொன்றில் 8,294,400 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றால் பெருக்கினால் 24,883,200 விளக்குகள். நூற்றுக்கு 99.99 சரியாக அமைந்தாலும் ஏறத்தாழ 2,488 விளக்குகள் எரியாது! 99.99 புள்ளி எடுத்த பிள்ளையை நாம் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுவோம். அந்தத் திரையையோ யாரும் வாங்க மாட்டார்கள்.

பொறியியலாளர்கள் என்ன செய்தார்கள்? முதலில், பொருத்த முன்னரே சோதித்தார்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சி, விளக்கு மினுங்குகிறதா என்று பார்ப்பது விரைவான வழி. ஆனால் ஒளிபட்டு மினுங்கும் விளக்கு மின்னோட்டத்திலும் எரியும் என்பது நிச்சயமில்லை. மின்னைப் பாய்ச்சிச் சோதிப்பதோ, தலைமுடியின் தடிப்பும் இல்லாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் வேலை.

அடுத்து, உதிரி இடம் ஒதுக்கினார்கள். இது பழைய யோசனை. 1979 இலேயே பெல் ஆய்வுகூடத்தார் நினைவகச் சில்லுகளில் மேலதிக வரிசைகளை வைத்து, பழுதான வரிசைக்குப் பதிலாக லேசரால் அவற்றை இணைத்தார்கள். அதேபோல இங்கும் ஒரே இடத்தில் இரண்டு விளக்குகள், அல்லது பக்கத்தில் ஒரு வெற்றிடம். இரட்டிப்பு விளக்கென்றால் செலவும் கூடும். பழுதான விளக்கை லேசரால் அகற்றிப் புதியதை வைப்பதும் உண்டு. 2018 இல் சாம்சுங் காட்டிய 146 அங்குலத் திரை சிறு சிறு துண்டுகளால் ஆனது. ஒரு துண்டு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மங்கலாக எரிபவற்றைக் கமெராவால் அளந்து, மின்னோட்டத்தைத் திருத்திச் சமப்படுத்தவும் முடியும். ஆனால் முற்றாக அணைந்ததை எந்த மென்பொருளாலும் எழுப்ப முடியாது.

இத்தனை சோதனையும் திருத்தமும் சேர்வதால்தான் இத்திரைகள் இன்னும் நம் வீடுகளுக்கு எட்டாத விலையில் இருக்கின்றன.

இந்த வரலாற்றைப் படித்தபோது எங்கள் சிவப்புப் பேனைதான் எங்களுக்கு நினைவு வந்தது. சாதாரண தரத்தில் கணிதம் ஒன்றில் சித்தியடையாத பிள்ளையை, ஒற்றைக் கண்ணாடித் திரையைப் போல முழுதாக ஒதுக்கிவிடுகிறோம். பிழை வரும் என்று முன்னரே எதிர்பார்த்து, அதற்கு ஓர் உதிரி இடம் ஒதுக்கியவர்கள்தான் அந்தத் தொழிற்சாலைகளில் முன்னேறினார்கள். நமது பாடசாலைகளில் அந்த இடம் எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திரை வாங்கும்போது, எத்தனை புள்ளி பழுதானால் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விடயத்தில் நாம் என்ன செய்யலாம் என்பதை நீங்கள் எழுதுங்கள், நாங்கள் வாசிக்கக் காத்திருக்கிறோம்.