சவுத் பரேடு: ஒரு படமும் என் பிழையும்

2009-ஆம் ஆண்டு நம் சங்க மலரில் பெங்களூர் சவுத் பரேடு பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மெட்ரோ வேலைக்காக எம்.ஜி. ரோடு நடைபாதை மரங்கள் போய்க்கொண்டிருந்த சமயம் அது. ‘பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள்’ என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். என்னிடமிருந்த ஒரு பழைய தபால் அட்டைப் படத்தை வைத்து எழுதினேன். நல்லா வந்திருக்கு என்று பலரும் சொன்னார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அச்சுப்பிழை என்றால் தலையைச் சொறிந்துகொண்டு தப்பித்துக்கொள்ளலாம். இது என் பிழை. அதே மலரில் அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவனல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது. அப்பா 1950-களில் இங்கே வந்து, அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்தில் பேரேடு, சிட்டா, நோட்டுப் புத்தகம் விற்றார். அந்தி சாயும் முன் சாப்பிட்டாக வேண்டிய வீடு என்பதால் மற்றவர்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் எங்கள் கடையில் பாதிக் கதவு சாத்தியிருக்கும். ‘சூரியன் கடை’ என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கடைதான் எனக்குக் கல்லூரி. பழைய பேப்பர்க்காரர்கள் மூட்டையை அவிழ்க்கும்போது நடுவே ஓர் ஆல்பமோ ஒரு கட்டு தபால் அட்டையோ விழும். எடைக்கு எடை காசு கொடுத்து எடுத்து வைத்துக்கொள்வேன். வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

படத்தை எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். பேப்பர் வியாபாரி பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்புவான். தபால் அட்டையின் பின்பக்கத்தை நடுக்கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் விலாசம், ஒரு பாதியில் சேதி எழுதலாம் என்ற வழக்கம் இங்கிலாந்தில் 1902-இல்தான் வந்தது. அதற்கு முன்பு பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டும். ஆகவே நடுக்கோடு இருந்தால் 1902-க்கு முன்னால் போக முடியாது. ஜெர்மனியில் அச்சிட்டது என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 1914-க்குப் பின்னால் வர முடியாது. அந்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டு அந்த வியாபாரம் நின்றுவிட்டது. அதற்கு முன்பு நம் ஊர்ப் படங்கள் எத்தனையோ அங்கே போய் அச்சாகி வந்தவைதான்.

அடுத்தது, துணிக்கடைக்காரர்கள் இழை எண்ணும் சின்னக் கண்ணாடி. அதை வைத்துப் பார்த்தால் வரிசையாகப் புள்ளி தெரிந்தால் பிளாக் அச்சு. புள்ளியே இல்லாமல் மெல்லிய சுருக்கம் போல் தெரிந்தால் கொலோடைப், அதாவது கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி எடுக்கும் அச்சு. இந்தக் கொலோடைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

தெருவுக்குள்ளேயும் தேதி இருக்கிறது. பேட்டைப் பகுதிப் படத்தில் மின்விளக்குக் கம்பம் இருந்தால் அது 1905-க்குப் பிந்தியது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்குப் போய், 1905 ஆகஸ்டில்தான் பெங்களூர்த் தெருவில் விளக்காக எரிந்தது. விக்டோரியா ராணி சிலை கண்ணில் பட்டால் 1906-க்குப் பிந்தியது. தர்மாம்புதி ஏரியில் தண்ணீர் தளும்பும் படத்தைக் காட்டினால் என் பேத்தி நம்ப மறுக்கிறாள். அந்த ஏரிக்குள்தான் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. ஆனால் அதில் ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். கரகத் திருவிழாவின்போது திகளர் சமூகத்தார் இன்றும் அங்கே வந்துதான் பூசை செய்கிறார்கள். திகளர் என்பதே தமிழரைக் குறிக்கக் கன்னடத்தில் வழங்கிய சொல் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். படத்தில் இருக்கும் ஏரி போய்விட்டாலும் கரகம் தூக்குபவரின் கால் வழி தவறவில்லை.

சரி, சவுத் பரேடுக்கு வருவோம். 1809-இல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே தண்டு அமைத்தபோது நடுவில் விட்ட பெரிய மைதானம் பரேடு கிரவுண்டு. அதன் தென்புறச் சாலை சவுத் பரேடு. 1948-இல் அது மகாத்மா காந்தி சாலை ஆயிற்று. பட்டாளத்தோடு வந்தவர்கள்தான் நம் முன்னோரில் பெரும்பாலோர். சப்பர் படை, சமையல், சலவை, கல் வேலை, கட்டட ஒப்பந்தம் என்று வந்தார்கள். இன்று உயர்நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரி 1868-இல் எழுந்ததில் ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் பங்கு பெரிது. 1873-இல் அவர் தொடங்கிய பள்ளிதான் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ்.

இந்தச் சாலையில் ஒரு வசதி உண்டு. கடைகள் தெற்கே, மைதானம் வடக்கே. ஆகவே படத்தில் கடைகள் இடப்பக்கம் இருந்தால் எடுத்தவர் மேற்கு பார்த்து நிற்கிறார். வலப்பக்கம் இருந்தால் கிழக்கு பார்த்து நிற்கிறார். மேற்குக் கோடியில் கப்பன் பார்க்கும் ராணி சிலையும், அருகே செயின்ட் மார்க்ஸ் தேவாலயமும். கிழக்குக் கோடியில் ஹோலி டிரினிட்டி தேவாலயம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் சொன்னேன்.

என் அட்டையில் கடைகள் இடப்பக்கம். வலப்பக்கம் மர வரிசை. சாலையின் கோடியில் மங்கலாக ஒரு கோபுரம். நான் 2009-இல் எழுதியது இதுதான்: கடைகள் இடப்பக்கம், எனவே பார்வை மேற்கே. எனவே கோபுரம் செயின்ட் மார்க்ஸ். இன்றைய வடிவத்தோடு ஒத்துவரவில்லை, எனவே இது 1923 தீ விபத்துக்கு முந்தைய வடிவம் (தீக்குப் பிறகு திருத்திக் கட்டி முடித்தது 1927-இல்). அந்தப் பக்கம் ராணி சிலை தெரியவில்லை, எனவே 1906-க்கும் முந்தியது. எவ்வளவு அழகாக அடுக்கியிருக்கிறேன் பாருங்கள்! ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு ‘எனவே’. அடியில் இருந்த கல் ஆடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

ஒரு விஷயம் அப்போதே உறுத்தியது. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகப் போக வேண்டும். அப்படியானால் நம்மை நோக்கி வரும் வண்டி படத்தில் நம் வலப்பக்கம் தெரிய வேண்டும். என் அட்டையில் நம்மை நோக்கி வரும் ஜட்கா இடப்பக்கம் வருகிறது. ‘ஜட்காக்காரன் என்றைக்குச் சட்டம் பார்த்தான்’ என்று தள்ளிவிட்டேன். இன்றைய ஆட்டோக்காரர்களைப் பார்த்துப் பழகிய மனசு.

நாலைந்து வருடங்களுக்கு முன், வீடு மாற்றும்போது பேத்தி என் அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றித் தந்தாள். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ‘தாத்தா, இந்தக் கடை போர்டுல என்ன பாஷை?’ என்று கேட்டாள். கண்ணாடியில் எனக்கு வெறும் கறையாகத் தெரிந்த இடம் அது. திரையில் எழுத்து மாதிரி இருந்தது. ஆனால் எந்த எழுத்தும் இல்லை. அவள் ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தை இடவலம் புரட்டினாள். ஆங்கிலம்! முழுப் பெயர் படிக்க வரவில்லை என்றாலும் ‘அண்டு கோ’ என்று முடிவது தெளிவாகத் தெரிந்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. கொலோடைப் அச்சில் தகட்டிலிருந்து நேராகக் காகிதத்துக்கு மை இறங்கும். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பி வெட்டுவது போல, தகட்டில் படம் முதலிலேயே திரும்பியிருக்க வேண்டும். அதற்காக நெகட்டிவையே புரட்டித் தயாரிப்பார்கள். அந்த ஒரு வேலையை மறந்தால் ஊரே இடவலமாக மாறிவிடும். எங்கேயோ ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் அச்சுக்காரருக்கு சவுத் பரேடில் கடை எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் அச்சுக்காரர்களுக்குக் காகிதம் விற்ற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொலோடைப் என்று தெரியும், அது புரளும் என்றும் தெரியும், ஜட்காவும் தப்பான பக்கம் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

புரட்டிய படத்தில் கடைகள் வலப்பக்கம் போயின. ஜட்காக்காரர் ஒழுங்காகத் தன் பக்கத்தில் வந்தார். பார்வை கிழக்கே. கோடியில் நிற்பது 1850-களின் தொடக்கத்திலிருந்து நிற்கும் டிரினிட்டி கோபுரம். தீயும் இல்லை, திருத்தமும் இல்லை. ராணி சிலை படம் எடுத்தவரின் முதுகுப் பக்கம் இருக்கிறது. அது தெரியாததை வைத்து 1906-க்கு முன்னா பின்னா என்று சொல்லவே முடியாது. அட்டையின் பின்பக்கத்து நடுக்கோடும் ஜெர்மனி முத்திரையும் சொல்கிறபடி, இது 1902-க்கும் 1914-க்கும் இடைப்பட்ட அட்டை. படம் எடுத்தது அதற்குச் சற்று முன்பாகவும் இருக்கலாம். அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியோடு போய் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். மரங்கள் இருந்த வடபுறத்தில் மெட்ரோவின் மேல்பாலம் ஓடுகிறது. 2011 அக்டோபர் 20-இல் முதல் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான். பாலத்துக்கு அடியில் நடைபாதையைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நிழல் மட்டும் மரத்தினுடையதல்ல. தென்புறத்தில் 1905-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் ஹிக்கின்பாதம்ஸ் நிற்கிறது. நான் இளவயதில் ஒரு காப்பியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த இந்தியா காபி ஹவுஸ் 2009-இல் சர்ச் தெருவுக்குப் போய்விட்டது. பிளாசா தியேட்டர் இல்லை. பாலத்துக்குப் பின்னால் பரேடு கிரவுண்டு மட்டும் இன்னும் ராணுவத்தின் கையில், காலியாக, பெரிதாக இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து டிரினிட்டி கோபுரம் தெரியவில்லை. வட்டம் வரை நடந்துபோன பிறகுதான் கண்ணுக்குக் கிடைத்தது. படம் எடுத்தவருக்கு அத்தனை தூரத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

பிழையை மலரில் திருத்துவது எளிது. அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. அல்சூரில் நம் சங்கத்து மூத்த அம்மா ஒருவர். வயது எண்பதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா ஆற்காட்டுப் பக்கத்துக் கல் தச்சர். தீக்குப் பிறகு செயின்ட் மார்க்ஸைத் திருத்திக் கட்டியபோது அங்கே வேலை செய்தார் என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. என் கட்டுரையைப் படித்துவிட்டு, ‘தாத்தா கை வைக்கறதுக்கு முந்தி அந்தக் கோயில் எப்படி இருந்துச்சுன்னு இப்பத்தான் பார்க்கறேன்’ என்று என்னிடம் படம் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு நடையில் மாட்டியிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நானும் இரண்டு முறை அங்கே போய், அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். வீட்டில், ‘எண்பது வயசுல அவங்களுக்கு எதுக்கு இந்தக் கிழக்கு மேற்கு?’ என்றார்கள். நியாயம்தான். ஆனால் பொய் என்று தெரிந்த பிறகும் ஒரு பொய்யை அந்தச் சுவரில் மாட்டி வைத்திருப்பது நான்தான், அந்த அம்மா இல்லை. புரட்டிய படத்தையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன்.

‘அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்’ என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேசவில்லை. இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அப்புறம் கேட்டார்: ‘அப்போ இது நம்ம டிரினிட்டி கோயிலா? இதோ இங்க இருக்கறது?’

‘ஆமாம்மா. உங்க தாத்தா வேலை செஞ்ச கோயில் இந்தப் படத்துலயே இல்லை. அது முதுகுக்குப் பின்னாடி.’

‘அவரு அல்சூர்லருந்து நடந்துதானே வேலைக்குப் போனாரு?’

‘அப்படித்தான் இருக்கணும்.’

‘போறப்போ கடையெல்லாம் எந்தப் பக்கம் வரும்?’

‘இடது பக்கம்.’

பழைய படத்தைக் கீழே வைத்துவிட்டு, புதுப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘இதுல வலது பக்கம். அப்போ இது தாத்தா சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பறப்போ பார்த்த ரோடு’ என்றார். உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டு, சட்டத்தைக் கழற்றி இந்தப் படத்தைப் போடச் சொன்னார். பழையதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ‘அதையும் குடுத்துட்டுப் போங்க, காலையில போறது ஒண்ணு வேணாமா’ என்றார்.